வெள்ளிதோறும் சிவக்கும் சுவர்

போரில் மாண்டவர்களுக்குக் கல் நாட்டத் தயங்காத அரசுகள், பெருந்தொற்றில், அதாவது நாட்டெல்லைகளைக் கடந்து உலகின் பெரும்பகுதியில் ஒரே காலத்தில் பரவும் நோயில், மாண்டவர்களைப் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே பதிந்துவிட்டு நகர்ந்திருக்கின்றன. 1918-19ஆம் ஆண்டுகளின் விஷக்காய்ச்சல் பிரிட்டனில் மட்டும் ஏறத்தாழ 2,28,000 பேரைக் கொண்டுபோன போதும், லண்டன் வைட்ஹால் சாலையில் எழுந்த செனோடாஃப் முதல் உலகப் போரில் உயிர்துறந்தோருக்கே உரியதாயிற்று. கிரேக்கத்தில் 'வெற்றுக் கல்லறை' என்று பொருள்படும் இச்சொல், உடல் வேறெங்கோ புதைந்துகிடக்க நினைவுக்காக மட்டும் எழுப்பப்படும் சின்னத்தைக் குறிக்கும். காய்ச்சலில் போனவர்களுக்கு அந்த வெற்றுக் கல்லறைகூட வாய்க்கவில்லை.

அந்தச் சின்னத்திலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைக் கடந்து சிறிது நேரம் நடந்தால், தேம்ஸ் ஆற்றின் மறுகரையில், செயின்ட் தாமஸ் மருத்துவமனையை ஒட்டிய ஏறத்தாழ 500 மீட்டர் நீளச் சுவர் தென்படும். கரோனாவுக்கு உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களின் அமைப்பு, 'லெட் பை டாங்கீஸ்' என்ற அரசியல் பரப்புரைக் குழுவுடன் சேர்ந்து, 2021 மார்ச் 29 அன்று முறையான அனுமதிக்குக் காத்திராமல் அதில் சிவப்பு இதயங்களை வரையத் தொடங்கியது. உயிர் ஒன்றுக்கு இதயம் ஒன்று என்பது கணக்கு. ஒவ்வொன்றும் கையால் வரையப்பட்டது. சில நாள்களிலேயே ஏறத்தாழ 1,50,000 இதயங்கள் சுவரை நிறைத்தன. பின்புறம் மருத்துவமனையும் எதிர்க்கரையில் நாடாளுமன்றமும் அமைந்த இடத்தைத் தேர்ந்ததில் துயரம் மட்டுமல்ல, கேள்வியும் இருந்தது. சட்டம் இயற்றுவோர் சன்னல் வழியே பார்த்தாலும் இச்சுவர் கண்ணில் படாமல் போகாது.

இத்தகைய சுவர் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அக்காலத்தின் இறுதிச்சடங்குகளே விடை. நோயாளியின் கையைப் பிடித்திருக்கவும் இயலாமல், சடங்கில் கூடுவோர் எண்ணிக்கைக்கும் வரம்பு விதிக்கப்பட்டிருந்த நிலையில், துக்கம் விசாரிக்க வருவோரும் கட்டிப்பிடித்து அழ ஒரு தோளும் இல்லாமற்போயின. 2021 ஏப்ரல் 17 அன்று, கணவர் இளவரசர் பிலிப்பின் இறுதி வழிபாட்டில், 30 பேருக்கு மட்டுமே அனுமதி இருந்த விண்ட்சர் தேவாலயத்தில் இரண்டாம் எலிசபெத் அரசி தன்னந்தனியே அமர்ந்திருந்த காட்சி, அதற்கு முந்தைய ஓராண்டாக எண்ணற்ற சாதாரண வீடுகளில் யாரும் படம் பிடிக்காமல் நடந்ததுதான்.

சுவரில் முதலில் பயன்பட்ட பேனாக்களின் வண்ணம் வெயிலுக்குத் தாங்கவில்லை. சிவப்பு வெளிறி இளஞ்சிவப்பாகியது, எழுதிய பெயர்களும் மங்கின. ஆகவே தன்னார்வலர் குழு ஒன்று வெள்ளிக்கிழமைதோறும் வந்து, வெளிச்சுவருக்கான உறுதியான வண்ணத்தால் இதயங்களைப் புதிதாகத் தீட்டி, அழிந்துவரும் பெயர்களையும் வாசகங்களையும் திரும்ப எழுதுகிறது. அவர்களில் பெரும்பாலோர் தாமும் ஒருவரை இழந்தவர்கள். இதில் ஓர் இழப்பும் உண்டு: மகள் எழுதிய தந்தையின் பெயர் முன்பின் அறியாத ஒருவரின் கையெழுத்தாக மாறிவிடுகிறது. ஆனால் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்து எழுத இன்னொரு மனிதர் முழந்தாளிடுவது, கல்லில் ஒருமுறை பொறித்துவிட்டு மறப்பதைவிட மேலான நினைவுகூரலாகவே தோன்றுகிறது.

இதை நிலையான தேசியச் சின்னமாகப் பாதுகாக்க வேண்டுமென்று, கரோனா நினைவேந்தலுக்காக அரசு அமைத்த ஆணையம் 2023இல் பரிந்துரைத்தது. தற்காலிகமானது நிலைபெறுவது லண்டனுக்குப் புதிதல்ல. செனோடாஃபும் 1919 ஜூலையில் வெற்றி அணிவகுப்புக்காக மரத்தாலும் சாந்தாலும் எழுப்பப்பட்டதுதான். மக்கள் கொண்டுவந்து குவித்த மலர்களே 1920இல் அதைக் கல்லாக்கின.

இறப்புகள் தொடர்ந்ததால் இதயங்களின் எண்ணிக்கை பிற்பாடு 2,40,000-ஐத் தாண்டியது. அவற்றுள் பெயர் எழுதப்படாதவை இன்னும் ஏராளம். வெள்ளிக்கிழமைகளில் வரும் தூரிகைகள் அவற்றுக்கும் அதே சிவப்பைப் பூசி, நடுவில் யாரேனும் வந்து எழுதும் அளவுக்கு இடம் விட்டுச் செல்கின்றன.