கடலோர அறையின் வாரக் கணக்கு

29,710 ஆஸ்திரேலிய டாலர். மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை, படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக, ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய தொகை இது. 2024 மே 10 முதல் இதுதான் அளவு. டாலருக்கு 57 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 16.93 லட்சம். விசாக் கட்டணம் தனி: 710 டாலராக இருந்தது 2024 ஜூலையில் 1,600 ஆகி, 2025 ஜூலையில் 2,000 ஆனது. விசா மறுக்கப்பட்டாலும் அந்த 1.14 லட்சம் திரும்பி வராது.

நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலம் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டின் பத்திரத்தை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு: அங்கே வேலை பார்த்தே கடனைக் கட்டிவிடுவான். இதை வாரக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம்.

படிப்பு நடக்கும் நாட்களில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் மட்டுமே வேலை பார்க்கலாம். 2025 ஜூலை முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். ஆக, வாரம் 24 மணி நேரத்துக்கு 598.80. அரசு சொல்லும் 29,710-ஐ 52 வாரத்துக்குப் பிரித்தால் 571.35. கையில் நிற்பது 27 டாலர். வருமான வரி, சலுகைகளைக் கழித்த பிறகும், வாரத்துக்கு 26 டாலரை எடுத்துக்கொள்ளும். மிச்சம் ஒரு டாலர்! நிரந்தரமில்லாத வேலையென்றால் கூலி 25 சதவீதம் கூடும். ஆனால் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது, அடுத்த வாரம் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதும் முதலாளி கையில். கல்லூரி விடுமுறையில் நேர வரம்பு இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

வாடகையில் மிச்சம் பிடிக்கத்தான் மெல்போர்னின் தென்கிழக்கே எடித்வேல், செல்சீ, பான்பீச் என்று கடலை ஒட்டிய அமைதியான புறநகர்களுக்குப் போவது. பிராங்க்ஸ்டன் ரயில் தடம் இவற்றைத் தொட்டுக்கொண்டு போகிறது. மோனாஷ் பல்கலைக்கழகத்தின் கால்ஃபீல்டு வளாகமும் அதே தடத்தில்தான். வளாகத்தை ஒட்டி ஓர் அறை வாரம் 330, செல்சீயில் 260 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 70. 2025 கட்டணப்படி வேலைநாளில் ரயிலுக்கு அதிகபட்சம் 11 டாலர், ஏழு நாள் பாஸ் 55. நின்றது 15 டாலர், அதாவது 36 நிமிடக் கூலி. இந்தப் 15 டாலருக்காக நாளுக்கு ஒரு மணி நேரமாவது ரயிலில் போகிறது. வேலை நேரத்துக்கு உச்சவரம்பு இருப்பதால், போன நேரம் கூலியில் குறையாது. படிப்பிலும் தூக்கத்திலும் குறையும். கடற்கரை நடைக்குக் காசு வேண்டாம் என்பது உண்மைதான், நடக்க நேரம் இருந்தால்.

வாடகையை அங்கே வாரத்துக்குப் பேசி மாதத்துக்கு வாங்குவார்கள். இங்கே பெற்றோர் நான்கால் பெருக்குகிறார்கள். 260 நான்கு முறை 1,040. மாதத்துக்குக் கட்ட வேண்டியதோ 1,126.67. வருடத்துக்கு 1,040 டாலர் இடிக்கும். முன்பணம் பெரும்பாலும் ஒரு மாத வாடகை. அது வீட்டுக்காரர் பையில் இருக்கக் கூடாது, விக்டோரியா மாநிலத்தின் வாடகை முன்பண ஆணையத்தில் செலுத்தப்பட வேண்டும். ரசீது கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம்: நாமக்கல்லில் 5, 6 ரூபாய்க்குக் கிடைக்கும் முட்டை அங்கே டஜன் 5 டாலரைச் சுற்றி, அதாவது ஒன்று 24 ரூபாய். வீட்டு முட்டையைப் பெட்டியில் கொண்டுபோகவும் விடமாட்டார்கள்.

இனி கடன். 7.5 லட்சத்துக்கு மேல் வங்கிகள் வழக்கமாக ஈடு கேட்கும். படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை; வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே ஓடும். 30 லட்சத்தை முழுதாக எடுத்தபின், 10 சதவீதத்தில் மாதம் 25,000 ரூபாய் வட்டி. வாரத்துக்கு 101 டாலர். பிள்ளையிடம் இருப்பது கூலியில் நின்ற ஒரு டாலரும் கடலோர அறை மிச்சம் பிடித்த 15-உம். பாக்கி 85 டாலர். மாதத்துக்கு ஏறத்தாழ 21,000 ரூபாய், வட்டி சேராமலிருக்கச் சேந்தமங்கலத்திலிருந்து கட்ட வேண்டியது.