இலையின் உழைப்பும் குலையின் எடையும்

சூரிய ஒளியின் துணைகொண்டு, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் தரும் நீரையும் சேர்த்து, பச்சை இலை சர்க்கரை செய்கிறது. ஒளிச்சேர்க்கை என்பது இதுவே. அப்படியாயின் விரைந்து சர்க்கரை செய்யும் இலையுடைய பயிர்தானே மிகுதியாக விளைய வேண்டும்? சோயா அவரை இரகங்களில் இதனை ஆராய்ந்தவர்கள் ஓரிலையின் வேகமும் வயலின் விளைவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்று கண்டனர். வேகமான இலை சிறியதாயிருக்கலாம். விரைவில் பழுத்து உதிரலாம். அல்லது ஆக்கிய சர்க்கரையை ஏற்கப் போதிய காய் இல்லாமற்போகலாம்.

இக்கடைசிக் காரணத்துக்குச் சான்று ஜொகூரிலேயே உண்டு. செம்பனையில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனிப் பாளைகளில் வருவன. மகரந்தத்தைக் காற்றே சுமக்கிறதென்று முன்னர் கருதினர். காய் சரிவரப் பிடிக்காமையால், பல தோட்டங்களில் ஆட்களை அமர்த்திப் பாளைதோறும் மகரந்தத் தூளை ஊதச் செய்தனர். அது செலவு மிக்க வேலை. ஆப்பிரிக்காவில் கமெரூன் நாட்டுச் செம்பனையிலோ இவ்வேலையைச் சின்னஞ்சிறு வண்டுகள் கூலியின்றிச் செய்துவந்தன. இதனை ஆராய்ந்து நிறுவிய பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத். அவ்வண்டு 1981 பிப்ரவரியில் குளுவாங் வட்டாரத்து மாமோர் தோட்டத்தில் விடப்பட்டது. பின்னர் நாடெங்கும் பரவியது. குலையில் காய் நெருங்கிப் பிடித்தது, குலை கனத்தது, ஊதும் வேலையும் ஒழிந்தது.

மரங்கள் மாறவில்லை, இலைகளும் மாறவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். மாறியது உணவை ஏற்கும் காயின் தொகை ஒன்றே. ஆயினும் அந்த ஆதாயத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. குலைகள் கனத்தபின் மரத்துக்கு மரம் அவற்றின் எண்ணிக்கை குறையலாயிற்று. பந்திக்கு வந்தோர் பெருகினால் சமையலறையின் அளவு தெரிந்துவிடுமல்லவா? இலையின் ஆற்றலே மறுபடியும் வரம்பாகி நின்றது.

மட்டை வெட்டுவதில் கவனம் வேண்டுவது இதனாலேதான். வளர்ந்த செம்பனைக்கு ஏறத்தாழ 40 பச்சை மட்டைகள் தேவை. குலையை எளிதில் எட்டலாமென்று அதிகமாகக் கழித்துவிட்டால் மரத்துக்குச் சர்க்கரை குறையும். பெண்பாளை குறைந்து ஆண்பாளை மிகும். பாளை ஆணா பெண்ணா என்பது குலை அறுப்பதற்கு ஏறக்குறைய இரண்டாண்டு முன்னரே முடிவாகிவிடுவதால், இன்று வெட்டிய மட்டையின் நட்டம் உடனே தெரிவதில்லை. அது தெரியும் வேளையில் பழி உரத்தின்மேலோ மழையின்மேலோ விழுகிறது. பழுக்கும் குலைக்குக் கீழே இரண்டு மட்டையாவது விட்டுவைப்பது தோட்டங்களில் பொதுவான வழக்கம்.