சுமத்ராவில் நிலம் நடுங்கினால் சென்னையில் மாடி ஆடுவது ஏன்?

பூமியின் பாறைத்தட்டுகள் நகரப் பார்க்கும். பாறைகளுக்கு இடையிலான பிளவின் சொரசொரப்பு விடாது. மழைக்காலத்தில் ஊறிப்போன மேசை டிராயர் மாதிரிதான்: இழுக்க இழுக்க அசையாது, பிறகு படக்கென்று மொத்தமாக வந்து விழும். அந்தப் ‘படக்’தான் நிலநடுக்கம்.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் அப்படி வழுக்கியது, அளவு 8.6. பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் 2004 போலப் பெரிய சுனாமி எழவில்லை. ஆனால் சுமார் 1,800 கி.மீ. தள்ளி, சென்னையின் உயரமான கட்டடங்களில் ஆட்டம் தெரிந்தது.

நிலநடுக்கத்திலிருந்து கிளம்பும் அலைகளில் முதலில் வருவது, ரயில் பெட்டிகள் இடித்துக்கொள்வதுபோல முன்பின் தள்ளும் அலை. அடுத்தது குறுக்கே உதறும் அலை. கடைசியில் மேற்பரப்பை ஒட்டித் தவழும் அலை. தூரம் போகப்போக வேகத் துடிப்புகள் தேய்ந்து, மெல்லசைவே மிஞ்சும். உயரமான கட்டடத்தின் இயல்பான ஆட்டமும் மெதுவானதுதான். ஊஞ்சலைத் தாளம் பார்த்துத் தள்ளியதுபோல் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

சென்னையை அடுத்த ஒரகடத்தின் தாழ்வான தொழிற்சாலை ஷெட்டுகளில் இந்த மெல்லசைவு அவ்வளவாக உறைக்காது. ஸ்ரீபெரும்புதூர் அடுக்குமாடியின் மேல்தளத்தில் நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருப்பவருக்கோ தலை சுற்றுவதுபோல் இருக்கும்.