ஒட்டு மாங்கன்றும் எலுமிச்சைச் சந்தையும்

பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய ‘எலுமிச்சைச் சந்தை’ கட்டுரையைப் பல்லாண்டுகள் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். எலுமிச்சை என்பது அமெரிக்கக் கொச்சையில் பழுதான கார். விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாதபோது, எவரும் நல்ல விலை தர முன்வருவதில்லை. நல்ல சரக்கு மெல்லச் சந்தையை விட்டு வெளியேறுகிறது. புதுச்சேரியில் வீட்டுக் கொல்லைக்கு மாங்கன்று வாங்குவோர் இதை நேரடியாக உணரலாம்.

பங்கனப்பள்ளி, இமாம்பசந்த் போன்ற ரகங்களின் கொட்டையில் இருப்பது ஒரே கரு. அது மகரந்தச் சேர்க்கையில் பிறந்த புதிய உயிர். தந்தை மரம் எது என்பது பூவில் வந்தமர்ந்த ஈக்கே வெளிச்சம்! எனவே தாயின் சுவை மகளுக்கு வரும் என்பதற்கு உறுதியில்லை. ஒட்டுக்கட்டுவது இதற்காகவே. நாட்டு மாங்கன்றின் வேர்மீது, தேர்ந்த மரத்தின் தண்டைச் சீவிப் பொருத்தி, இரண்டின் பட்டைக்கடியிலுள்ள பசும்படலமும் ஒட்டும்படி இறுகக் கட்டுகிறார்கள். முதிர்ந்த மரத்தின் தண்டு என்பதால் மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கிறது. கொட்டைக் கன்றுக்கு ஏறத்தாழ இருமடங்கு காலம் வேண்டும். அறுபதைக் கடந்தவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

அடித்தண்டில் ஒட்டின் தழும்பு தெரிகிறதா என்று பார்த்து வாங்கலாம். தழும்புக்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டால் நாட்டு மா மேலோங்கி, ஒட்டு நலிந்துவிடும். ஆனால் அது எந்த ரகத்தின் ஒட்டு என்பதைத் தழும்பு சொல்லாது. இமாம்பசந்த் என்று நான் வாங்கிய கன்று, ஐந்தாம் ஆண்டில் நாரும் புளிப்புமாகக் காய்த்தது. நாற்றங்காலில் முறையிடக் கையில் ஒரு துண்டுச்சீட்டும் இல்லை.

சீத்தாவின் குறை வேறு; அதை நாமே தீர்க்கலாம். அதன் பூ முதலில் பெண், பிறகே ஆண். இடையில் மகரந்தம் சுமக்கும் சிறு வண்டுகள் நகரத்தில் குறைந்தால் பூக்கள் பிஞ்சாகாமல் உதிரும். நன்கு விரிந்த பூவின் மகரந்தத்தை மென்தூரிகையால் எடுத்து, இதழ் சற்றே பிரிந்த பூவுக்குள் காலையில் தடவினால் போதும்.

மாங்கன்றுக்குத் தூரிகை உதவாது. தேசியத் தோட்டக்கலை வாரியம் நாற்றங்கால்களை மதிப்பிட்டு அங்கீகாரம் அளிக்கிறது. ஆயினும் கன்றோடு வீட்டுக்கு வருவது வாய்ச்சொல் மட்டுமே. ரகம், தாய்மரம் நிற்கும் இடம், ஒட்டுக்கட்டிய மாதம் ஆகிய மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதித் தருவதைப் புதுச்சேரி அரசு கட்டாயமாக்கலாம். அதுவரை, கேட்காமலே எழுதித் தரும் நாற்றங்காலுக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நான் தயங்கமாட்டேன்.