‘அவனா, அவளா’ என்று கேட்காத மொழி

மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் தென்மேற்கில் கோடிக்கணக்கானோர் பேசும் மொழி யொரூபா. அதில் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்ற வேற்றுமை கிடையாது. ‘ஓ’ என்ற ஓரெழுத்துச் சொல்லே இருபாலாருக்கும் பொது. அண்ணனும் ‘எக்பொன்’, அக்காளும் ‘எக்பொன்’. தம்பி, தங்கை இருவரும் ‘அபுரோ’. மூத்தவரா, இளையவரா என்பது ஒன்றுதான் அங்கே கேள்வி.

இதை வைத்து 1997ல் ஒரு புத்தகம் எழுதி அறிஞர் உலகில் பெரும் விவாதத்தைக் கிளப்பியவர் ஓயெரோன்கே ஓயெவுமி. யொரூபா இனத்தவர், அமெரிக்காவில் சமூகவியல் பேராசிரியை. வெள்ளையர் ஆட்சிக்கு முன் யொரூபா சமூகத்தில் ஆண் உயர்வு, பெண் தாழ்வு என்ற ஏற்பாடே இல்லை, வயதும் வீட்டில் யார் முன்னவர் என்பதுமே மரியாதையை நிர்ணயித்தன என்பது அவர் வாதம். புகுந்த வீட்டுக்கு வரும் மருமகள் கணவனை ‘ஒக்கோ’ என்பாள். நாத்தனாரும் அவளுக்கு ‘ஒக்கோ’தான்! அவள் வருவதற்கு முன் அவ்வீட்டில் பிறந்த குழந்தைகூட அவளுக்கு மூத்தது.

ஓயோ நாட்டு மன்னர் வரிசையையும் அவர் விடவில்லை. பழைய பெயர்களைக் கொண்டு ஆணா பெண்ணா என்று சொல்லிவிட முடியாது. வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது எல்லோருமே ‘அவன்’ ஆகிவிட்டார்கள் என்கிறார்.

மொழியில் பேதம் இல்லாததால் வாழ்விலும் இல்லை என்று எப்படிச் சொல்வது என மறுத்தவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். பெண் என்று ஐயமின்றித் தெரிந்த ஒரு தலைவியை யொரூபா மேடையும் திரையும் எப்படிக் காட்டின என்று பார்த்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது.

அவர் பெயர் எஃபுன்செத்தான் அனிவுரா. 19ஆம் நூற்றாண்டில் இபாதான் நகரின் ‘இயாலோதே’. அதாவது பெண்களின் தலைவி, தலைவர்கள் சபையில் இடம் பெற்றவர். பெரும் வியாபாரி. போருக்குப் போகும் தலைவர்களுக்கு ஆயுதமும் வெடிமருந்தும் கடனாகக் கொடுத்தவர்.

அக்கின்வுமி இஷோலா எழுதி 1970ல் அச்சான யொரூபா நாடகத்தில் இந்த அம்மாள் ஒரு கொடுங்கோலி. ஒரே மகள் பிரசவத்தில் இறந்துபோக, தன் அடிமைப் பெண் எவளும் கருத்தரிக்கக் கூடாது என்று தடை போட்டு, மீறியவளின் தலையை வாங்குகிறாள். இறுதியில் தோற்று, விஷம் அருந்தி மாள்கிறாள். மேடையில் பெரும் கூட்டம் கண்ட இந்தக் கதை 1980களின் தொடக்கத்தில் திரைப்படமும் ஆயிற்று. ஊர் மனத்தில் பதிந்தது அந்த முகம்தான்.

அந்தக் கொடுமைகள் வெறும் கற்பனை என்று தள்ளுவதற்கில்லை. சாமுவேல் ஜான்சனின் பழைய வரலாற்று நூலிலேயே அவை உண்டு. ஆனால் அடிமைகளை வைத்திருந்தது அவர் ஒருவர்தானா? போர்த்தலைவர்கள் அத்தனை பேரும் வைத்திருந்தார்கள். சரித்திரப் பேராசிரியை போலான்லே அவே இந்த அம்மாளைப் பற்றித் தனியாகவே எழுதி, அவருடைய அரசியலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

1874ல் இபாதான் அதிபதி லத்தோசா அவர்மீது சுமத்திய குற்றங்கள் மூன்று. போருக்குக் கூட வரவில்லை. போர்க்களத்துக்குச் சாமான் அனுப்பவில்லை. திரும்பி வந்தபோது கோட்டை வாசலுக்கு நேரில் வந்து வரவேற்கவில்லை. ஆபீசில் கொடுக்கிற மெமோவைப் போன்ற இந்தப் பட்டியலில் அடிமைப் பெண்களைப் பற்றி ஒரு வரி கிடையாது! லத்தோசாவின் ஓயாத போர்களுக்குக் கடன் கொடுத்துச் சலித்து, அம்மாள் கையை இழுத்துக்கொண்டதுதான் சங்கதி.

பதவி பறிக்கப்பட்டது. விஷமும் இல்லை, தற்கொலையும் இல்லை. வளர்ப்பு மகனை வசப்படுத்தி, அவருடைய சொந்த அடிமைகள் இருவரைக் கொண்டே இரவில் தூக்கத்தில் கொன்றார்கள். அவருடைய பிறந்த இனத்தாரான எக்பா மக்கள் விசாரணை கேட்டுக் கிளம்பினர். அந்த இரண்டு அடிமைகளுக்கும் மரண தண்டனை கிடைத்தது. லத்தோசா 1885ல் இறக்கும்வரை பதவியில் இருந்தார்.