கிரகணங் காணச் சென்ற இரு குழுவினர்

பூரண சூரிய கிரகணம் நிகழும் நாளையும் நேரத்தையும் பல்லாண்டுகட்கு முன்னரே கணித்தறியலாம். ஆனால் அன்று வானம் தெளிந்திருக்குமோ என்பதை எவராலும் கணித்தல் இயலாது. ஆதலின் அதனைக் காணக் கடல் கடந்து செல்வோர் இடையூற்றை எதிர்பார்த்தே திட்டமிடல் வேண்டும். 1919ஆம் ஆண்டு மே 29ஆந் திகதிக் கிரகணம் இதற்குத் தக்க சான்றாகும்.

ஞாயிற்றின் விளிம்பை அணுகிவரும் விண்மீனொளி 1.75 விகலை வளையும் என்றார் ஐன்ஸ்ரைன். நியூற்றனின் கொள்கைவழி வரும் அளவு அதிற் பாதியே. அக்கிரகணத்தின்போது ஞாயிறு உரோகிணியை அடுத்த ஒளிமிக்க மீன்கூட்டத்திடையே நிற்கும் என்பதை இங்கிலாந்தின் அரச வானியலறிஞர் டைசன் 1917இலேயே சுட்டினார். உலகப்போர் 1918 நவம்பரில் ஓய்ந்த பின்னரே கருவிகளை ஆயத்தஞ் செய்தல் இயன்றது. மார்ச்சு மாதத்தில் இரு குழுவினர் கப்பலேறினர். எடிங்டனும் கொற்றிங்காமும் மேற்காபிரிக்கக் கரைக்கப்பாலுள்ள பிரின்சிப்பே தீவை அடைந்தனர். குரொம்மெலினும் டேவிட்சனும் பிரேசிலின் சோப்ரால் நகரை அடைந்தனர். ஓரிடத்தை முகில் மறைப்பினும் மற்றையிடம் உதவும் என்பதே கருத்து.

பிரின்சிப்பேயில் முகிலினூடே எடுத்த 16 படங்களுள் இரண்டே பயன்பட்டன. சோப்ராலில் உரிய வேளைக்கு வானம் தெளிந்தது. ஆயினும் பெரிய கருவியின் படங்கள் தெளிவிழந்தன. துணையாகக் கொண்டுசென்ற 4 அங்குல வில்லைக் கருவியே 7 நல்ல படங்களை அளித்தது. அவற்றாற் பெற்ற அளவு 1.98 விகலை, ஐன்ஸ்ரைன் கூற்றுக்கே அது அண்மையது. நவம்பர் 6ஆந் திகதி இலண்டனில் முடிபு அறிவிக்கப்பட்டது.

ஏறக்குறைய ஐந்து நிமிஷமே நிலைத்த இருளுக்காக ஈராண்டு சிந்தித்தனர். இறுதியில் அம்முயற்சியைக் காத்தவை இரண்டாம் இடமும் இரண்டாங் கருவியுமேயாம்.