பிள்ளையின் அருகே அமருங்கள்



அல்சூரில் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகிறார்கள். ஆயினும், வசனத்தை மனப்பாடமாய் ஒப்புவிக்கும் பிள்ளை, அதையே வேதாகமத்தில் வாசிக்கச் சொன்னால் தடுமாறுகிறதே!

எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவின் ஆகமத்தை வாசித்தும் பொருள் அறியாதிருந்தான். பிலிப்பு வழியில் நின்று பிரசங்கித்துவிட்டுப் போகவில்லை, இரதத்தில் ஏறி அவனோடே உட்கார்ந்தார் (அப். 8:26-35). ஆரம்ப வகுப்புக்கும் இதுவே வழி.

ஏறக்குறைய ஒரே அளவில் வாசிக்கும் நான்கைந்து பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரே புத்தகத்தைக் கொடுங்கள். முதலில் படங்களைக் குறித்துப் பேசுங்கள். பின்பு ஒவ்வொருவரும் தாழ்ந்த குரலில் தாமே வாசிக்கட்டும். திணறும் இடத்தில் மட்டும் உதவுங்கள். முடிவில் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு பக்கத்தில் ஐந்து சொற்கள் தெரியாவிட்டால் அப்புத்தகம் அப்பிள்ளைக்குக் கடினம். எளியதைக் கொடுங்கள், வெட்கப்படுத்தாதீர்கள். 2004-இல் பெங்களூரில் தோன்றிய பிரதம் புக்ஸ், 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ், கன்னடக் கதைகளை வாசிப்பு நிலைவாரியாக இலவசமாய்த் தருகிறது.

ஆராதனை முடிந்தபின் அரைமணி நேரம் போதும். இன்று சிறு கதையை விளங்கிக்கொள்ளும் பிள்ளை, நாளை வேதத்தைத் தானே திறக்கும்.